ஆற்றுப்படுத்துதல்: செலவா, சேமிப்பா?



சில மாதங்களுக்கு முன்பு எங்கள் பங்கின் நிதிக்குழுக் கூட்டத்திற்கு ஒரு விண்ணப்பம் வந்தது. எழுதியவர் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய். மகனுக்கு வயது பதினெட்டு. படிப்பைப் பாதியில் விட்டவன். கஞ்சா, அடிதடி, கைப்பேசி பறித்த ஒரு வழக்கு என்று அந்த வீடு நிம்மதி இழந்து நாளாகிறது. அவனை ஆற்றுப்படுத்துநர் ஒருவரிடம் பத்து அமர்வுகளுக்கு அனுப்ப வேண்டும், ஓர் அமர்வுக்கு 1,000 ரூபாய் ஆகும், பங்கின் உதவி நிதியிலிருந்து 10,000 ரூபாய் தர முடியுமா என்று கேட்டிருந்தார். (குடும்பத்தாரின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் விண்ணப்பத்தை வாசித்துவிட்டு, "சாமி, நாலு அடி போட்டா சரியாகிற விஷயத்துக்குப் பத்தாயிரமா? அந்தக் காசுல கெபிக்கு ஓடு மாத்திடலாமே!" என்றார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்லர். ஆலயம் கட்டியபோது வீடு வீடாக ஏறி இறங்கிப் பணம் சேர்த்தவர். மக்களின் காசு வீணாகக்கூடாது என்ற அக்கறையில் கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை. மனிதனின் ஆன்மாவைப் பற்றிக் குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் படித்தேன். வரவு செலவு பற்றி அதிகம் படிக்கவில்லை. ஆனால் கோபுரம் கட்டப் புறப்படுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைப் பார்க்க வேண்டும் என்று ஆண்டவரே சொல்லியிருக்கும்போது, அந்தப் பெரியவரின் கேள்வியைப் பாவமென்று தள்ளிவிட முடியுமா? ஆகவே தேடிப் படித்தேன். படித்ததில் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது, நமக்கு வெகு தொலைவில், மேற்கு ஆப்பிரிக்காவில் நடந்த ஒரு முயற்சி.

லைபீரியா ஒரு சிறிய நாடு. 1989-இல் தொடங்கி, இடையில் சில ஆண்டுகள் ஓய்ந்து, 2003 வரை அங்கு உள்நாட்டுப் போர் நடந்தது. பள்ளிக்குப் போக வேண்டிய சிறுவர்களின் கையில் துப்பாக்கி கொடுத்தார்கள். போர் முடிந்தபோது அவர்கள் இளைஞர்கள். கல்வி இல்லை, தொழில் இல்லை, பலருக்குக் குடும்பமும் இல்லை. தலைநகர் மன்ரோவியாவின் தெருக்களில் திருட்டும், போதைப்பொருள் விற்பனையும், கத்திக்குத்துமாக அவர்கள் வாழ்க்கை ஓடியது. மீண்டும் ஒரு போர் மூண்டால் முதலில் ஆயுதம் தூக்குகிறவர்கள் இவர்களாகத்தான் இருப்பார்கள் என்று அந்நாட்டார் அஞ்சினர்.

ஜான்சன் போர் என்ற லைபீரியர், நேபி என்ற உள்ளூர்த் தொண்டு நிறுவனத்தின் வழியாக இத்தகைய இளைஞர்களிடையே பல ஆண்டுகளாகப் பணியாற்றி வந்தார். 2009-ஆம் ஆண்டில் கிறிஸ்டோபர் பிளாட்மன் என்ற பொருளாதார அறிஞர் அவரோடு மன்ரோவியாவின் சந்தைப் பகுதியில் நடந்து போனார். தெருவோரத்தில் சிறு வியாபாரம் செய்துகொண்டிருந்த சிலர் ஜான்சனை ஓடிவந்து வரவேற்றார்கள். எப்படிப் பழக்கம் என்று பிளாட்மன் விசாரித்தபோது, சற்றுத் தொலைவில் போதைப்பொருள் விற்றுக்கொண்டு நின்றவர்களைக் காட்டி, தாங்களும் அப்படி இருந்தவர்கள்தாம், ஜான்சனின் பயிற்சிக்குப் பிறகுதான் மாறினோம் என்றார்களாம். நம்மைப் போன்றவர்கள் இதைக் கேட்டால் ஒரு மறையுரைக்கு நல்ல கதை கிடைத்தது என்று மகிழ்ந்து போயிருப்போம். பிளாட்மனோ, இது உண்மைதானா என்று சோதித்துப் பார்க்க விரும்பினார்.

குற்றச் செயல்களில் ஈடுபட்டிருந்த, பெரும்பாலும் 18 முதல் 35 வயதுக்கு உட்பட்ட 999 ஆண்களைத் தெருக்களில் தேடிச் சென்று சேர்த்தார்கள். குலுக்கல் முறையில் நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஆற்றுப்படுத்தும் பயிற்சி மட்டும். இன்னொரு பிரிவினருக்கு 200 டாலர் பணம் மட்டும். மூன்றாம் பிரிவினருக்குப் பயிற்சியும் பணமும். நான்காம் பிரிவினருக்கு எதுவும் இல்லை. யாருக்கு என்ன கிடைக்கும் என்பதைச் சீட்டு தீர்மானித்ததால், பிரிவுகளுக்கிடையே பின்னர் தென்பட்ட வேறுபாடு பயிற்சியாலும் பணத்தாலும் வந்ததே என்று சொல்ல முடிந்தது.

பயிற்சி எட்டு வாரங்கள் நடந்தது. இருபது பேர் ஒரு குழு. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம். நடத்தியவர்களில் பலர் பட்டம் பெற்ற மருத்துவர்கள் அல்லர். ஒரு காலத்தில் அதே தெருவில் திரிந்து, பின்னர் மாறி, பயிற்சி பெற்றவர்கள். முறை என்னவோ மருத்துவ உலகில் நன்கு அறிமுகமான சிந்தனை நடத்தைச் சிகிச்சைதான். கோபம் வரும்போது உடம்பில் என்ன நடக்கிறது என்று கவனிப்பது, கை ஓங்குமுன் மூச்சை இழுத்து விட்டு அந்த இடத்தை விட்டு விலகுவது, இன்று கையில் உள்ள காசை நாளைக்கும் சேர்த்துத் திட்டமிடுவது என்று சின்னச் சின்னப் பயிற்சிகள். முடி வெட்டிக்கொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, ஒரு வங்கிக்கோ பெரிய கடைக்கோ போய் விவரம் கேட்டு வருவதும் வீட்டுப்பாடம். சிலரைக் காவலாளி வாசலிலேயே விரட்டினார். அந்த அவமானத்தை எப்படித் தாங்குவது என்பது அடுத்த நாள் வகுப்பின் பாடம். 'நான் திருடன்' என்ற எண்ணத்திலிருந்து 'நான் இந்தச் சமூகத்தில் ஒருவன்' என்ற எண்ணத்திற்கு அவர்களை நடத்திச் செல்வதே நோக்கம்.

என்ன ஆயிற்று? பணம் மட்டும் பெற்றவர்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். குடித்தே அழித்திருப்பார்கள் என்று நாம் நினைப்போம். அப்படி நடக்கவில்லை. பெரும்பாலோர் உணவு, உடை, இருப்பிடம், சிறு வியாபாரம் என்றே செலவிட்டனர். ஆனால் சில மாதங்களில் வருமானம் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. சேர்த்து வைக்கப் பாதுகாப்பான இடம் இல்லாதவர்களின் பணத்தையும் சரக்கையும் வேறு யாராவது திருடிக்கொண்டு போனார்கள். பயிற்சி மட்டும் பெற்றவர்களிடம் தொடக்கத்தில் நல்ல மாற்றம் தெரிந்தது; ஓராண்டுக்குப் பின் அதுவும் பெருமளவு தேய்ந்துபோயிருந்தது. இரண்டையும் பெற்றவர்களிடம்தான் மாற்றம் நிலைத்தது. திருட்டும் போதைப்பொருள் விற்பனையும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன.

அவர்களே சொன்ன கணக்கை எப்படி நம்புவது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். ஒரு பகுதியினருடன் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் நாள்கணக்கில் பழகி, சொன்னதும் நடப்பதும் பொருந்துகின்றனவா என்று பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் பொருந்தியது. இந்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது.

இதோடு அவர்கள் நிறுத்தவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து மீண்டும் அதே மனிதர்களைத் தேடிச் சென்றார்கள். 999 பேரில் நூறு பேருக்கும் மேல் இறந்துபோயிருந்தனர். அத்தனை பேரும் இளமையில் இருந்தவர்கள்! இந்த எண்ணை வாசித்தபோது சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். உயிரோடு இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோரை மீண்டும் கண்டுபிடித்துக் கேட்டபோது, பயிற்சியும் பணமும் பெற்றவர்களிடையே குற்றமும் வன்முறையும் அப்போதும் ஏறக்குறைய பாதி அளவிலேயே இருந்தன. எட்டு வாரப் பயிற்சியின் பலன் பத்து ஆண்டுகள் நின்றது.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒருவருக்கான மொத்தச் செலவு 530 டாலர். இன்றைய நம் மதிப்பில் ஏறத்தாழ 45,000 ரூபாய். அதில் 200 டாலர் அவர்கள் கையிலேயே கொடுத்த பணம். அதற்கு ஈடாக, பத்து ஆண்டுகளில் ஒருவர் செய்யாமல் விட்ட சிறிய, பெரிய குற்றங்கள் 338 என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். வாரந்தோறும் பணப்பையோ கைப்பேசியோ பறித்தவர்கள் என்பதால்தான் இவ்வளவு பெரிய எண். வகுத்துப் பாருங்கள்: ஒரு குற்றத்தைத் தடுக்க ஆன செலவு ஒன்றரை டாலர். நம்மூர்ச் சாதாரண உணவகத்தில் ஒரு மதியச் சாப்பாட்டின் விலை!

ஆயினும் இந்தக் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் நிதிக்குழுப் பெரியவரின் தயக்கத்திற்கும் உண்மையான காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். செலவு ஒருவருடையது, சேமிப்பு வேறொருவருடையது. மன்ரோவியாவில் 530 டாலரைத் தந்தது ஒரு திட்டம். இலாபம் அடைந்தவர்களோ, தன் அன்றைய வருமானத்தைப் பறிகொடுக்காத சந்தைக்காரப் பெண், கத்திக்குத்துக் காயத்தோடு மருத்துவமனைக்குப் போகாத ஓர் இளைஞன், வேலை குறைந்த காவலர். பறிபோகாத பணத்திற்கு யாரும் இரசீது எழுதுவதில்லை. இரவில் கதவைத் தாழிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிய தாயின் தூக்கம் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. ஆனால் ஆற்றுப்படுத்துநருக்குக் கொடுத்த 10,000 ரூபாய் மட்டும் செலவுப் பக்கத்தில் பளிச்சென்று தெரிகிறது.

அமெரிக்காவின் சிகாகோ நகரிலும் இதே போன்ற கணக்கு போட்டிருக்கிறார்கள். 'ஆண்மகனாய் ஆதல்' என்று பொருள்படும் பெயருடைய ஒரு திட்டம், ஏழ்மையும் துப்பாக்கியும் மிகுந்த பகுதிகளின் பள்ளிகளில் நடக்கிறது. வாரம் ஒரு மணி நேரம், மாணவர்கள் குழுவாக உட்கார்ந்து பேசுவார்கள். முதல் நாள் விளையாட்டு இது: இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவன் கையில் ஒரு பந்தைக் கொடுத்து, முப்பது விநாடிக்குள் அதை வாங்கு என்று மற்றவனிடம் சொல்வார்கள். உடனே கையை முறுக்குவான், கட்டிப் புரள்வான். நேரம் முடிந்தபின் நடத்துநர் கேட்பார்: "ஏன் ஒருவரும் 'பந்தைத் தா' என்று கேட்கவில்லை?" கேட்டால் கோழை என்று நினைப்பான் என்பது பதில். பந்து வைத்திருந்தவனோ, கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே என்பான். அன்றாடச் சண்டைகளில் பாதி இப்படித்தான் தொடங்குகின்றன என்பதை எந்தப் போதனையும் இன்றி அந்தப் பையன்கள் அங்கே தாங்களே கண்டுகொள்கிறார்கள்.

2009-10 கல்வியாண்டிலும், பின்னர் 2013 முதல் 2015 வரையிலும் இத்திட்டத்தைக் குலுக்கல் முறையில் சோதித்தபோது, திட்டம் நடந்த காலத்தில் வன்முறைக் குற்றங்களுக்கான கைதுகள் 45 முதல் 50 விழுக்காடு வரை குறைந்தன. முதல் சோதனையில் இருந்தவர்களில் பள்ளிப் படிப்பை முடித்தவர்களின் விகிதமும் உயர்ந்தது. மாணவர் ஒருவருக்குச் செலவு 2,000 டாலருக்குள். குற்றம் குறைந்ததால் சமூகத்திற்குக் கிடைத்த பயன் செலவைப் போல 5 மடங்கிலிருந்து 30 மடங்கு வரை என்று மதிப்பிட்டார்கள். 5 எங்கே, 30 எங்கே? ஓர் உயிரின் விலையை எவ்வளவு என்று எழுதுவது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. உயிருக்கு விலை எழுதுவதே ஒரு குருவாகிய எனக்கு உறுத்துகிறது. ஆனால் அதை எழுதாமல் விட்டால் கணக்கில் அந்த உயிர் பூச்சியமாகிவிடும் என்பதையும் மறுக்க முடியவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கைதுகள் குறைந்த அந்த விளைவு, திட்டம் முடிந்த பிறகு மங்கிவிட்டது.

பிறகு அதே நகரில், லைபீரிய அனுபவத்தைப் பின்பற்றி, துப்பாக்கி வன்முறையில் சிக்கக்கூடிய 2,456 ஆண்களிடையே இன்னொரு முயற்சி நடந்தது. பதினெட்டு மாதங்கள் கூலியோடு வேலை, கூடவே சிகிச்சை. ஆய்வாளர்கள் முதன்மையாக அளந்த வன்முறைக் குறியீட்டில் தெளிவான மாற்றம் தெரியவில்லை. ஆனால் துப்பாக்கிச்சூடு, கொலை ஆகியவற்றுக்கான கைதுகள் 65 விழுக்காடு குறைந்தன. கூலியும் சேர்வதால் செலவு லைபீரியாவை விடப் பன்மடங்கு அதிகம். அப்படியும் பயன் செலவைப் போல நான்கு மடங்குக்குக் குறையாது என்று கணித்திருக்கிறார்கள். பல பயன்களில் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிவதால், இந்த எண்ணை நான் சற்று எச்சரிக்கையோடுதான் சொல்கிறேன்.

அப்படியானால் 'நாலு அடி'யின் கணக்கு என்ன? அதையும் பார்த்திருக்கிறார்கள். 1970-களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், தவறு செய்யும் சிறுவர்களைச் சிறைக்குள் அழைத்துச் சென்று, ஆயுள் கைதிகளைக் கொண்டு மிரட்ட வைக்கும் திட்டம் ஒன்று புகழ்பெற்றது. அதைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கார் பரிசும் பெற்றது. செலவு மிகக் குறைவு, பார்ப்பவர்களுக்கும் மனநிறைவு. பின்னர் இத்தகைய திட்டங்களை முறையாகச் சோதித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மிரட்டப்பட்ட சிறுவர்கள், ஒன்றுமே செய்யாமல் விடப்பட்டவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்தது தெரியவந்தது. மலிவு என்று நினைத்தது வட்டியோடு திரும்பி வந்தது. சிறையும் அப்படியே. சிகாகோவில் 35,000-க்கும் மேற்பட்ட சிறார் வழக்குகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ஒரே மாதிரித் தவறு செய்தவர்களில், கண்டிப்பான நீதிபதியிடம் போனதால் அடைக்கப்பட்டவர்கள், மென்மையான நீதிபதியிடம் போய்த் தப்பியவர்களைவிடப் பள்ளிப் படிப்பை முடிப்பது வெகுவாகக் குறைந்தது; வளர்ந்த பிறகு சிறைக்குப் போவது அதிகரித்தது. அடைத்து வைக்க ஒருமுறை செலவு செய்து, மீண்டும் அடைத்து வைக்க இரண்டாம் முறை செலவு செய்கிறோம்.

1841-இல் குருப்பட்டம் பெற்ற இளம் தொன் போஸ்கோ, அருள்தந்தை கஃபாசோவுடன் தூரின் நகரச் சிறைகளுக்குப் போனபோது கண்டதும் இதுவே. விடுதலையாகிப் போன சிறுவர்கள் திரும்பத் திரும்ப உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். அவர் அவர்களுக்குச் செபமும் பாடலும் மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. 1850-களின் தொடக்கத்திலேயே, தம் சிறுவர்களைத் தொழில் கற்க அனுப்பும்போது, முதலாளியிடம் கூலி, ஓய்வு, அடிக்கக்கூடாது என்ற நிபந்தனைகளோடு எழுத்துவடிவில் ஒப்பந்தம் வாங்கினார். மன்ரோவியாவில் பயிற்சியும் பணமும் சேர்ந்தபோதுதான் மாற்றம் நிலைத்தது என்று படித்தபோது எனக்கு அந்த ஒப்பந்தத்தாள்தான் நினைவுக்கு வந்தது. மாறிய மனத்தோடு வெளியே வருகிறவன் மறுநாள் காலை எதைச் சாப்பிடுவான்? அந்த 200 டாலர் அவனைப் பணக்காரன் ஆக்கவில்லை. புதிய மனிதனாக நடந்து பழகுவதற்குச் சில மாத அவகாசத்தை வாங்கிக் கொடுத்தது என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

நம் நாட்டுக்கு இதெல்லாம் பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 70-க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளில் ஒரு மனநல முயற்சியைச் சோதித்தார்கள். அதே பாடங்களைச் சில பள்ளிகளில் ஆசிரியர்கள் நடத்தினார்கள். சிலவற்றில் 'மித்ரா' என்ற பெயரில் பயிற்சி பெற்ற உள்ளூர் இளையவர்கள் நடத்தினார்கள். மித்ராக்கள் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வும், கேலி வதையும், வன்முறையும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் மாற்றம் இல்லை. ஏற்கெனவே ஆயிரம் வேலை உள்ளவர்களின் தலையில் இன்னொன்றைச் சுமத்தினால் மிச்சமாவது காகிதக் கணக்கு மட்டுமே. (பங்குத்தந்தையரும் இதில் ஆசிரியர் பக்கம்தான். திருப்பலி முடிந்து பத்து நிமிடம் பேசி அனுப்புவதை நானே ஆற்றுப்படுத்துதல் என்று பல ஆண்டுகள் எண்ணிக்கொண்டிருந்தேன்.)

பணம் இல்லை என்பதற்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் வழக்கில் சிக்கினால், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, குழு ஆற்றுப்படுத்துதலில் பங்கேற்கும்படி உத்தரவிட இளைஞர் நீதிக் குழுமத்திற்கு அதிகாரம் உண்டு. பெற்றோர் அதைக் கேட்கலாம். பலருக்கு இது தெரிவதில்லை.

இந்த விவரங்களை அடுத்த நிதிக்குழுக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். பெரியவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "அந்தப் பையன் ஒரு தடவை கோர்ட்டுக்குப் போய் வர அவங்க அம்மாவுக்கு என்ன செலவாகுது சாமி?" என்று கேட்டார். வக்கீல் கட்டணம், பேருந்துச் செலவு, இழந்த நாள்கூலி என்று நாங்களே ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். அதுவரை ஆன செலவே 10,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. பாதித் தொகையைப் பங்கு நிதியிலிருந்து தருவது, மீதியை அன்பியங்கள் வழியாகத் திரட்டுவது என்று முடிவாயிற்று. கெபியின் ஓடு ஓர் ஆண்டு பொறுக்கும் என்று பெரியவரே சொன்னார்.

பையன் இதுவரை ஆறு அமர்வுகளுக்குப் போயிருக்கிறான். ஒன்றுக்கு வரவில்லை, மறுவாரம் தானாகப் போனான். இரண்டு சக்கர வாகனம் பழுது பார்க்கும் பட்டறையில் ஒருவர் அவனைச் சேர்த்துக்கொள்ள முன்வந்திருக்கிறார். சொந்தமாக ஒரு ஸ்பேனர் செட் இருந்தால் நல்லது என்கிறாராம். விலை 4,000 ரூபாய். அந்தத் தாயின் புதிய விண்ணப்பம் வருகிற ஞாயிறு மாலைக் கூட்டத்தில் வாசிக்கப்படும்.